இரண்டாவது திருத்தம் பிறந்த கதை

1979 பெப்ரவரி 26 அன்று இலங்கையின் அரசியலமைப்பு இரண்டாவது தடவையாகத் திருத்தப்பட்டது. ஜே. ஆர். ஜயவர்த்தன கொண்டுவந்த அந்த அரசியலமைப்புக்கு அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் தன் கட்சியை விட்டு விலகினால், அல்லது கட்சி அவரை விலக்கினால், அவருடைய ஆசனம் என்னவாகும் என்பதுதான் திருத்தத்தின் பொருள். யாரை மனத்தில் வைத்து அதை எழுதினார்கள் என்பது அடுத்த மாதமே தெரிந்துபோனது. மட்டக்களப்பு உறுப்பினர் செ. இராசதுரை தமிழர் விடுதலைக் கூட்டணியை விட்டு, ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியில் சேர்ந்து அமைச்சரானார். ஆசனம் அவரிடமே இருந்தது.

இராசதுரை சாதாரண உறுப்பினர் அல்லர். எழுத்தாளர். மேடையேறினால் கூட்டத்தைக் கட்டிப்போடுகிறவர். ‘சொல்லின் செல்வர்’ என்று ஊரே அழைத்தது. 1956இல் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் முதல் தடவை வென்றார். அதன்பின் 1960 மார்ச், 1960 ஜூலை, 1965, 1970, 1977 என ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் மட்டக்களப்பு அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மட்டக்களப்பு மாநகரத்தின் முதல் மேயரும் அவரே. வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே வயலும் குளமுமாகப் படுவான்கரை என்று பிரிந்து கிடக்கும் பூமியில், ஒரு தலைமுறைக்கு ‘எம்.பி.’ என்றால் அவர்தான்.

அவர் வென்ற தொகுதிக்கும் ஒரு தனி அமைப்பு உண்டு. 1947இல் மட்டக்களப்பு சின்னலெப்பை என்ற முஸ்லிம் பிரதிநிதியைத் தெரிவுசெய்தது. பின்னர் தமிழர் வென்றனர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இடத்தில் ஒரே ஆசனம் என்றால், ஒரு சமூகம் எப்போதும் வெளியே நிற்க வேண்டிவரும். ஆகவே 1959இன் தொகுதி நிர்ணயம் மட்டக்களப்பை இரட்டை அங்கத்தவர் தொகுதியாக்கியது. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். தமிழர் ஒருவர், முஸ்லிம் ஒருவர் என்பதே எதிர்பார்ப்பு. 1970இல் மட்டும் அது பிசகியது. இராசதுரையோடு சுயேச்சையாக நின்ற ராஜன் செல்வநாயகமும் வென்றார். முஸ்லிம்களுக்கு ஆசனம் இல்லாமல் போனது.

பிளவு 1977 தேர்தலில் வந்தது. தனித் தமிழீழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்குப் பின் வந்த முதல் பொதுத்தேர்தல் அது. கூட்டணியின் மூத்த தலைவர் தந்தை செல்வா ஏப்ரலில் காலமாகியிருந்தார். கூட்டணியின் உதயசூரியன் சின்னம் மட்டக்களப்பில் இராசதுரைக்குக் கிடைத்தது. கவிஞர் காசி ஆனந்தன், கூட்டணியில் அங்கமாகிவிட்ட தமிழரசுக் கட்சியின் பழைய வீட்டுச் சின்னத்தில் அதே தொகுதியில் இறக்கப்பட்டார். ஒரே அணியைச் சேர்ந்தவர்கள் இருவர், இரண்டு சின்னங்களில், ஒரே வாக்குகளைக் கேட்டு வீடுவீடாகப் போனார்கள். இராசதுரை முதலாவதாக வந்தார். இரண்டாவது ஆசனத்தை ஐக்கிய தேசியக் கட்சியின் அகமட் பரீட் மீராலெப்பை பெற்றார். காசி ஆனந்தன் தோற்றார். தலைமைக்கும் இராசதுரைக்கும் இடையில் அந்தத் தேர்தல் உண்டாக்கிய கசப்பு பின்னர் ஆறவே இல்லை.

அடுத்த ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டது. வீடுகள் கூரையிழந்தன, தென்னந்தோப்புகள் சாய்ந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். கட்டும் பணம் கொழும்பில் அமைச்சர்களின் கையில். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரால் கேட்கத்தான் முடியும். சூறாவளி வீசி நான்கு மாதத்துக்குள் இராசதுரை பக்கம் மாறினார். கட்சித் தலைமையோடு இருந்த பகை முக்கியமா, ஊரின் தேவை முக்கியமா, பதவி முக்கியமா என்று அன்றும் வாதிட்டார்கள், இன்றும் வாதிடுகிறார்கள். மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்த நேரம் அது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அவர் மாறுவதற்குச் சட்டத்தில் ஒரு தடை இருந்தது. அந்தத் தடையை வைத்தவரும் ஜயவர்த்தனவே. 1964 டிசம்பரில் ஆளுங்கட்சியின் சி. பி. த சில்வா தன்னோடு பதின்மூன்று பேரை அழைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. கட்சி தாவினால் ஓர் ஆட்சியே போய்விடும் என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டது. எனவே 1978 அரசியலமைப்பின் 99(13)ஆம் உறுப்புரை, கட்சியை விட்டு நீங்கியவர் ஆசனத்தையும் இழப்பார் என்றது. வரப்போகும் விகிதாசாரத் தேர்தலில் மக்கள் முதலில் கட்சிக்கே வாக்களிப்பார்கள். ஆகவே ஆசனம் கட்சிக்குரியது என்பது அதன் நியாயம்.

இரண்டாவது திருத்தம், அந்த அரசியலமைப்பின் கீழான முதலாவது பாராளுமன்றத்துக்கு, அதாவது 1977இல் தெரிவான பாராளுமன்றத்துக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்தது. கட்சி மாறியவரின் ஆசனம் தானாகப் போகாது. முடிவைப் பாராளுமன்றமே எடுக்கும். அன்றைய 168 ஆசனங்களில் 140ஐ 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வென்றிருந்தது. பெரும்பான்மை முடிவெடுக்கும் என்றால் ஆளுங்கட்சி முடிவெடுக்கும் என்றே பொருள். எதிர்க்கட்சியிலிருந்து அரசாங்கத்துக்கு வருகிறவரின் ஆசனத்துக்கு ஆபத்தில்லை. அரசாங்கத்தை விட்டுப் போக நினைக்கிறவருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்காது. ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவு அது.

பொத்துவிலில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உதயசூரியனில் வென்ற மா. கனகரத்தினம் 1977 முடிவதற்குள்ளேயே ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போனார். 1978 ஜனவரியில் கொழும்பில் சுடப்பட்டுக் காயமடைந்த அவர், 1980இல் காலமானார். இடைத்தேர்தல் நடக்கவில்லை. அவருடைய சகோதரி ரங்கநாயகி பத்மநாதன் ஐக்கிய தேசியக் கட்சியின் நியமனத்தில் அந்த ஆசனத்துக்கு வந்தார். மக்கள் சூரியனுக்குக் கொடுத்த ஆசனம், ஒருவரும் மறுபடி வாக்களிக்காமலேயே ஐக்கிய தேசியக் கட்சியின் யானைக்குப் போய்ச் சேர்ந்தது.

பதவியில் இருப்பவருக்குள்ள அனுகூலம் என்னவென்று வாவிக்கரை மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1974இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் வந்தபின், எந்த வீதிக்குக் கிரவல் போடுவது, எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் என்பதில் உறுப்பினரின் கை ஓங்கியது. வேலைவாய்ப்புக்கு எம்.பி.யின் கடிதம் வேண்டியிருந்தது. அமைச்சரானால் அந்தக் கை இன்னும் நீளும். இராசதுரை பிரதேச அபிவிருத்தி அமைச்சரானார். இந்து சமய அலுவல்களும் அவர் பொறுப்புக்கு வந்தன. கல்லடியில் சுவாமி விபுலானந்தர் பெயரில் இசை நடனக் கல்லூரி அவர் காலத்தில் எழுந்தது. இன்று அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அங்கம். அங்கே பண்ணிசையும் பரதமும் கற்று வெளியேறும் பிள்ளைகளுக்கு, அதற்குக் காரணமானவர் எந்தக் கட்சி என்பது ஒரு பொருட்டல்ல. நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும்.

எனினும் எல்லா அனுகூலங்களிலும் பெரியது வேறொன்று: தேர்தலே வராமல் இருப்பது. 1982 டிசம்பர் 22 அன்று சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது. பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டு நீட்டச் சம்மதம் என்றால் விளக்கு, இல்லையென்றால் குடம். நாடு முழுவதும் சேர்த்து விளக்கு வென்றது. மட்டக்களப்பு மாவட்டம் பெரும்பான்மையாகக் குடத்துக்கே வாக்களித்தது. ஆனாலும் அந்த மாவட்டத்தின் உறுப்பினர்களுக்கும் ஆயுள் நீண்டது. 1983இல் ஆறாவது திருத்தம் கேட்ட, பிரிவினையை மறுக்கும் சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். அரசாங்கத்தோடு இருந்தவர்கள் 1989வரை நீடித்தார்கள். இராசதுரையின் 33 ஆண்டுகளில் முதல் 21 ஆண்டுகளுக்குள் ஆறு பொதுத்தேர்தல்கள் வந்தன. கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒன்றுகூட வரவில்லை. கட்சி மாறியது சரியா பிழையா என்று மட்டக்களப்பு வாக்காளர் சொல்வதற்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பொதுத்தேர்தலும் கிடைக்கவில்லை.

முதலாவது பாராளுமன்றத்தோடு அந்தக் கதவு மூடியது. 99(13) முழு வலுவோடு வந்தது. கட்சி விலக்கினால் உறுப்பினர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். விலக்கியது செல்லுமா என்று நீதிபதிகள் பார்ப்பார்கள். அப்போதும் வழக்குகள் மட்டக்களப்பைத் தேடி வந்தன. 2004இல் முஸ்லிம் காங்கிரஸில் வென்ற அமீர் அலி அரசாங்கத்தோடு சேர்ந்தார், கட்சி விலக்கியது. முறையான விசாரணை இன்றி விலக்கியது செல்லாது என்று 2006இல் தீர்ப்பு வந்தது, ஆசனம் தப்பியது. 2015இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் வென்ற ச. வியாழேந்திரன் 2018 அரசியல் நெருக்கடியில் பக்கம் மாறிப் பிரதி அமைச்சரானார். 2020இல் பொதுஜன பெரமுனவின் மொட்டுச் சின்னத்தில் மீண்டும் வென்றார். அதே 2020இல் முஸ்லிம் காங்கிரஸில் வென்ற ஹாபிஸ் நஸீர் அஹமட் கட்சியின் முடிவுக்கு மாறாக வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்களித்தார். பின்னர் சுற்றாடல் அமைச்சரானார். அவரைக் கட்சி விலக்கியது செல்லும் என்று 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் சொன்னது. பட்டியலில் அடுத்திருந்த அலி ஸாஹிர் மௌலானா பதவியேற்றார்.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் முடிவெடுத்தவர்களைப் பாருங்கள். 1979இல் பாராளுமன்றப் பெரும்பான்மை. 2006இலும் 2023இலும் நீதிபதிகள். ஆசனம் கட்சிக்கா, ஆளுக்கா என்று நாற்பத்தைந்து ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது. வாக்களித்தவர் அதில் ஒரு தரப்பாகவே சேர்க்கப்படவில்லை. விகிதாசார முறையில் இடைத்தேர்தலும் இல்லை. வெற்றிடம் வந்தால் பட்டியலில் அடுத்த பெயர் வரும்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 2017இல் 18 அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். சரியா தவறா என்று நீதிமன்றம் பார்த்தது. அதோடு முடியவில்லை, 2019இல் அந்தத் தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. தகுதி இழந்தவர்களின் அணி ஒன்றிலும் வெல்லவில்லை. காலம் தாழ்ந்து வந்தாலும், கடைசிச் சொல்லை வாக்காளர் சொன்னார்.

இங்கும் அப்படி ஒரு வழி வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஊருக்கு நன்மை செய்யத்தான் பக்கம் மாறுகிறேன் என்று ஓர் உறுப்பினர் சொன்னால், அந்த ஊரே அதை எடைபோடட்டும். ஆசனத்தைத் துறந்துவிட்டு, அதே மாவட்டத்தில் மக்களிடம் மறுபடி போகட்டும். அவர் செய்தது சரியென்றால் மக்கள் திருப்பி அனுப்புவார்கள். இராசதுரையைப் போல மக்கள் மனத்தில் வேர் பிடித்தவருக்கு அது முடியாத காரியமாக இருந்திருக்காது. 2024 பொதுத்தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 22 தேர்தல் மாவட்டங்களில் 21ஐக் கைப்பற்றியபோது, வேறு தீர்ப்பு எழுதிய ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. தனக்கென்று ஒரு முடிவெடுக்கத் தெரிந்த வாக்காளர்கள் அவர்கள். தங்கள் ஆசனம் பக்கம் மாறும் நாளிலும் அவர்களைக் கேட்க வேண்டும். அரசியலமைப்பை இனி யார் திருத்தினாலும் இந்த ஒரு வரியை அதில் எழுத வேண்டும்.