கரப்புடுப்பும் சால்வையும்

மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரசன் கரப்புடுப்போடு களரிக்கு வருவான். கோழி மூடும் கரப்பைப் போல இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் கனத்த உடுப்பு அது. தலையில் பெரிய முடி வேறு. இந்தக் கோலத்தில் தேரில் ஏற முடியாது. ஏறினாலும் பாகனுக்கு இடம் இராது!

ஆனால் கூத்தன் தேர் ஏறுவதில்லை, ஆடுகிறான். வட்டக்களரியில் சனம் நாலு பக்கமும் இருக்கும், ஆட்டமோ விடியும்வரை. அவன் சுழன்றால் உடுப்பும் சுழலும், கடைசி வரிசைக்கும் அரசன் பெரிதாகத் தெரிவான். போருக்கு உதவாத உடுப்பு ஆட்டத்துக்கு உதவுகிறது. அமெரிக்க ஓவியர் ஃபிராங்க் ஃபிரசெட்டா 1960-களில் வாள்வீரன் கோனனின் கதைகளுக்கு வரைந்த அட்டைகளிலும் வீரனுக்குக் கவசம் அரிது. அங்கே வெற்றுடம்பு புத்தகம் விற்கத்தான் உதவியது. இரண்டையும் ஒரே மிகையாக நான் எண்ணமாட்டேன்.

அளவெட்டிக் கவிஞர் மகாகவி (து. உருத்திரமூர்த்தி, 1927–1971) கூத்துக்கு நேரெதிர் வழியில் போனவர் போலத் தெரியும். அவருடைய ‘கோடை’ பா நாடகத்தில் அரசனும் இல்லை, அசுரனும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து யாழ்ப்பாணக் கிராமம், ஒரு நாதஸ்வரக்காரர் குடும்பம். என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் தட்சணாமூர்த்தியின் தவிலும் ஒலித்த ஊர்க்காரருக்கு அந்த வீட்டைக் கற்பனை செய்யவே தேவையில்லை. வேட்டியும் சால்வையும் போதும். ஆனால் வேட்டி கட்டிய அந்த மனிதர் வாய் திறந்தால் செய்யுள் வருகிறது. எந்த வீட்டில் யாப்போடு பேசிக்கொள்கிறார்கள்? கூத்து உடம்பில் கட்டிய மிகையை மகாகவி நாக்கில் கட்டினார். பேச்சோசைக்குள் அதை மறைத்தும் விட்டார். எனக்கு இதுவே கூடுதல் துணிச்சலாகப் படுகிறது.

கூத்தும் களரியிலேயே நின்றுவிடவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) கூத்துகளைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த மேடையில் பார்வையாளர் ஒரு பக்கம் மட்டுமே. வெளிச்சத்துக்கு மின்விளக்கு உண்டு. கரப்புடுப்பு பெரிதாக இருந்ததற்கான காரணத்தில் பாதி அங்கே இல்லை.

அதே வகை மேடையில்தான், 1960-களின் இறுதியில், அ. தாசீசியஸ் ‘கோடை’யை இயக்கினார். அங்கே சிக்கல் நடிகர் பக்கம். ஓசையை அழுத்தினால் வேட்டி கட்டியவர் கூத்தனாகிவிடுவார். வெறும் பேச்சாக உடைத்தால் மகாகவி எழுதியது காதில் விழாது.