பருவும் சவர்க்காரமும்: கந்தப்பளையிலிருந்து ஒரு சிறு வரலாறு

நுவரெலியாவிலிருந்து இராகலை நோக்கிச் செல்லும் பாதையில், 6,000 அடிக்கும் மேலான உயரத்தில் அமைந்த ஊர் கந்தப்பளை. அதன் கடைத்தெருவில் அண்மையில் பதினாறு வயது மாணவியொருத்தியைத் தாயுடன் காண நேர்ந்தது. இரு கன்னங்களும் சிவந்து தோலுரிந்திருந்தன. முதலில் நான்கைந்து பருக்களே இருந்தனவாம். அவற்றை நீக்கவென்று, உள்ளடக்கம் எதுவும் அச்சிடப்படாத ‘வெள்ளையாக்கும்’ பூச்சொன்றைத் தாய் கொழுந்து பறித்த காசில் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

பருவுக்கு மருந்து தேடுவது நம்மவர்க்குப் புதிதன்று. மஞ்சளும் சந்தனமும் தமிழகத்திலிருந்து நம்மோடு வந்தவை. சிங்களவர் ‘வெனிவெல்’ என்று வழங்கும் மரமஞ்சள் இந்த மண்ணில் நாம் கண்டுகொண்டது. லீவர் பிரதர்ஸ் நிறுவனம் 1938 இல் இலங்கையில் கால்பதித்தது. 1941 இல் தொடங்கப்பெற்ற சுவதேஷி நிறுவனத்தின் ‘கொஹொம்ப’ வேப்பஞ் சவர்க்காரம் பின்னர் வீடுதோறும் புகழ்பெற்றது. ஆயினும் லயங்களில் நான் கண்டது வேறு. துணி வெளுத்த கட்டியே முகத்துக்கும் உதவியது. பரு உள்ளவன் இன்னும் அழுத்தித் தேய்ப்பான். அழுக்கினால் வந்தது என்பதே அனைவரதும் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை தவறு என்பதற்கான தடயம் 1928 இலேயே கிடைத்துவிட்டது. தோலின் மேற்பரப்பில் மெல்லிய அமிலப் போர்வை உண்டென்று ஜெர்மானிய மருத்துவர்களான ஷாடேயும் மர்க்கியோனினியும் அவ்வாண்டில் எழுதினர். சவர்க்காரமோ காரத்தன்மையுடையது, அப்போர்வையைக் கலைப்பது. காரம் குறைந்த ‘டவ்’ கட்டி அமெரிக்காவில் 1957 இல் விற்பனைக்கு வந்தது.

இதற்கடுத்த அத்தியாயம் கசப்பானது. ட்ரெட்டினொயின் என்னும் பரு மருந்தை உலகுக்குத் தந்தவர் பிலடெல்பியா தோல் மருத்துவர் அல்பர்ட் கிளிக்மன். 1971 இல் அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கியது. அவரது சோதனைக்களம் ஹோம்ஸ்பர்க் சிறைச்சாலை. 1951 முதல் 1974 வரை அங்கிருந்த கைதிகள்மீது, அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், சிறு கூலிக்குப் பல பொருட்கள் சோதிக்கப்பட்டன. சிறைக்குள் முதன்முதல் நுழைந்தபோது ஏக்கர் கணக்கில் தோலையே கண்டதாகவும், வளமான நிலத்தைக் கண்ட உழவனைப்போல் உணர்ந்ததாகவும் அவர் பின்னர் கூறினார். 1998 இல் ஹோர்ன்ப்ளம் எழுதிய நூலின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது. மனிதரை ஏக்கரோடு சேர்த்தெண்ணும் கணக்கு தோட்டத்து மக்களுக்குப் புரியாததன்று. பிலடெல்பியா நகரம் 2022 இல்தான் மன்னிப்புக் கோரியது.

அதே கிளிக்மன் பங்கேற்ற 1986 ஆம் ஆண்டு ஆய்வொன்று இன்று நமக்கு உதவுகிறது. பென்சொயில் பெரொக்சைட்டை 2.5, 5, 10 சதவீதங்களில் ஒப்பிட்டனர். அழற்சியுற்ற பருக்களைக் குறைப்பதில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றே, எரிச்சலோ 2.5 சதவீதத்தில் 10 சதவீதத்தைவிடக் குறைவு. மென்மையே போதுமென்பது அன்றே தெளிவாயிற்று.

ஆனால் மலைக்கு ஏறி வந்தது அந்தச் செய்தியன்று. 1975 இல் இந்தியாவில் அறிமுகமான ‘ஃபெயார் அண்ட் லவ்லி’ 2020 இல் பெயரை மாற்றிக்கொண்டது. வெண்மை மோகம் மாறவில்லை. விலாசமற்ற பூச்சுகள் சிலவற்றில் பாதரசமும் ஸ்டெரொயிட்டும் கலக்கப்படுவது உலகெங்கும் அறியப்பட்ட மோசடி. ஸ்டெரொயிட் சில நாட்களில் பருவை அடக்கியதுபோல் காட்டும். பின்னர் தோலை மெலியச்செய்து மேலும் பருக்களைக் கிளப்பும். 1,000 மீற்றர் உயரத்துக்குப் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் நிலையில், கந்தப்பளைப் பனியை நம்பி வெயிலை மறப்பதும் ஆபத்து.

அம்மாணவியின் தாயிடம் நான் சொன்னது இவ்வளவே: பூச்சின் குப்பியையும் எடுத்துக்கொண்டு நுவரெலியாவில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எரிச்சல் ஆறியபின், மென்மையான கழுவியால் நாளுக்கு இருமுறை, தேய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் முகம் கழுவினால் போதும். எண்ணெய்ப்பசையற்ற ஈரப்பூச்சு, வெளியே செல்லும்போது வெயில்காப்புப் பூச்சு. மருந்து வேண்டுமாயின் மருத்துவர் சொல்லும் அளவில். கிள்ளக் கூடாது.

“எத்தனை நாளில் மாறும் ஐயா?” என்று மகளே கேட்டாள். எட்டு வாரமாவது ஆகும் என்றேன். பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்று விரல் மடித்து எண்ணினாள்.