கரண்ட் வைத்த உடம்பும் கேட்கப்படாத கேள்வியும்



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டதும், காவேரிப்பட்டினத்தில் இருக்கும் என் அத்தைதான் நினைவுக்கு வந்தார். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு, அதாவது நம் ஊர்ப் பேச்சில் ‘கரண்ட்’, வைத்துக் குணமானவர். ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, “ஏன் கண்ணு, நோவு போயிடுச்சு. ஆனா உங்க மாமா கிட்ட வந்தாலே உயிர் போற வலி. இதையெல்லாம் டாக்டர்கிட்ட எப்படிக் கேக்கறது?” என்றார்.

அதற்கு விடை தேடியபோதுதான் இந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு என்று தெரிந்தது.

1898-ல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டுபிடித்தனர். சில ஆண்டுகளிலேயே அதைப் பெண் உறுப்பின் உள்ளே வைத்து இந்த நோய்க்குச் சிகிச்சை தொடங்கிவிட்டது. ஸ்டாக்ஹோம், பாரிஸ், மான்செஸ்டர் என்று நகரங்களின் பெயரிலேயே முறைகள் வளர்ந்தன. நம் மாநிலத்தில், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. 1950-களிலேயே அங்கு கோபால்ட் கருவி வந்தது. 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும்வரை அங்கேயே உழைத்தார். எத்தனையோ குடும்பங்களில் விளக்கு அணையாமல் காத்த வரலாறு இது.

ஆனால் உலகெங்கும் நெடுங்காலம் பெரிதாகக் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: பெண் பிழைத்தாளா? பிழைத்தவள் எப்படி வாழ்கிறாள் என்ற கேள்வி தாமதமாகவே வந்தது. 1999-ல் சுவீடனின் கரின் பெர்க்மார்க் குழுவினர், இந்நோயிலிருந்து மீண்ட பெண்களிடம் தாம்பத்திய வாழ்வைப் பற்றி நேரடியாகவே கேட்டு எழுதினர். வறட்சியும் உறுப்பு சுருங்குவதும் அவர்களை எவ்வளவு வருத்துகிறது என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது.

காரணம் இதுதான். இடுப்புப் பகுதியில் படும் கதிர், உறுப்பின் மெல்லிய தோலைப் புண்ணாக்குகிறது. ஆறும்போது தழும்பு கட்டி, பாதை குறுகி, நீளமும் குறையலாம். சினைப்பைகளில் கதிர் பட்டால் மாதவிலக்கு நின்று வறட்சி கூடும்.

வழியும் உண்டு. புண் ஆறியதும் டாக்டர் சொல்லும் நாளிலிருந்து, ‘டைலேட்டர்’ என்னும் வழவழப்பான குழாயை, நீரில் கரையும் ஜெல்லி தடவி, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை சில நிமிடம் மெதுவாக உள்ளே வைத்து எடுக்கச் சொல்கிறார்கள். சிலருக்கு ஹார்மோன் களிம்பும் உதவும். அதை டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். இளம் பெண்கள் சிகிச்சைக்கு முன்பே, சினைப்பைகளைக் கதிர் படாத இடத்துக்கு மாற்றி வைக்க முடியுமா என்று கேட்கலாம்.

இது கணவருக்காக மட்டும் செய்வதல்ல. பாதை மூடிக்கொண்டால், நோய் திரும்பியதா என்று பின்னாளில் டாக்டர் பரிசோதிப்பதே கஷ்டமாகிவிடும்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. வெளியிலிருந்து கரண்ட் வைத்த உடம்பில் கதிர் தங்காது. உள்ளே வைத்து எடுத்துவிடும் சிகிச்சையிலும், எடுத்த பிறகு உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. புற்றுநோய் தாம்பத்தியத்தால் ஒட்டிக்கொள்வதும் இல்லை. அவளைத் தள்ளி வைக்காதீர்கள். வலிக்கிறது என்றால் பொறுத்திருங்கள்.

அடுத்த முறை அத்தையோடு நானும் போனேன். அவருக்கு வாய் வரவில்லை, நான்தான் கேட்டேன். நர்ஸம்மா கதவைச் சாத்திவிட்டு, பொறுமையாக எல்லாம் சொல்லிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அத்தை, “இத முன்னாடியே கேட்டிருக்கலாமே கண்ணு” என்றார்.

நம் வீட்டிலோ தெருவிலோ ஒரு பெண்ணுக்கு இந்தச் சிகிச்சை என்றால், துணைக்குப் போங்கள். அவள் கேட்கத் தயங்கினால், அவள் சம்மதத்தோடு நீங்கள் கேளுங்கள். படித்த நமக்கு அந்தக் கடமை உண்டு.