சந்தையில் ஓர் உணவுக்கடை

கரிசல் பூமியில் பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் விதைத்து, களையெடுத்து, அறுத்து, தூற்றி, மூட்டை கட்டிக் கோவில்பட்டிச் சந்தைக்கு ஏற்றியனுப்பியவற்றுள் நம்மவர் கைகள் முதன்மையானவை. அக்கைகள் பட்ட தானியத்தை வேண்டாமென்று தள்ளியவர் எவருமிலர். ஆனால் அதே கம்பை அதே கை இடித்துக் கூழாக்கிச் சந்தையில் விற்க முற்பட்டால், வாங்க வந்தவர் ஒதுங்கிப் போவர். தானியத்துக்கு இல்லாத தீட்டு, அது அடுப்பில் ஏறியவுடன் வந்து ஒட்டிக்கொள்ளும் விந்தைதான் என்னே! கணவன் அடுப்படியிலும், மனைவி ஆட்டுக்கல்லிலும், பிள்ளைகள் பரிமாறுவதிலுமாக ஒரு குடும்பமே சேர்ந்து நடத்தும் சிற்றுண்டிக் கடை நம் சமுதாயத்தில் அரிதாய்ப் போனதன் காரணம் கைப்பக்குவக் குறைவன்று.

சந்தைக்குள் நடப்பதற்கே நாம் போராட வேண்டியிருந்தது. 1924ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் ஆகியவற்றில் நமக்குள்ள உரிமையை அரசே ஒப்புக்கொள்ளச் செய்தது. அரசியலமைப்பின் 15ஆம், 17ஆம் விதிகளும், 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டமும் பின்னர் வந்தன. உணவு விடுதியில் நுழையவும், அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவும் நமக்கு உரிமை கிடைத்தது. தனிக்குவளை வைத்தவன் குற்றவாளியானான். இவையெல்லாம் நாம் உண்ணச் செல்லும் உரிமை. நாம் சமைத்ததைப் பிறர் உண்ணுவது வேறு செய்தி. புறக்கணிப்புக்கும் சட்டத்தில் தண்டனை உண்டுதான். ஆயினும் பசியோடு வந்தவன் ஒருவன் நம் கடையைக் கண்டு அடுத்த கடைக்கு நகர்வதை எந்தக் காவலர் வழக்காகப் பதிவது?

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்ற ஒரு கடையின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். மராட்டிய நாட்டின் கோலாப்பூர் சமஸ்தானத்தை 1894 முதல் 1922 வரை ஆண்டவர் சாகு மகாராஜா. 1902ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று அரசு வேலைகளில் பின்தங்கிய வகுப்பாருக்கு 50 விழுக்காடு ஒதுக்கியவர் அவரே. அவருடைய அரண்மனைக் குதிரை லாயத்தில் பணியாற்றியவர் மகர் வகுப்பைச் சேர்ந்த கங்காராம் காம்ப்ளே. மேல்சாதிப் பணியாளருக்கென வைத்திருந்த தண்ணீரைத் தொட்டார் என்பதற்காக அவரைக் கொடுமையாக அடித்தனர். செய்தியறிந்த மகாராஜா அடித்தவர்களைத் தண்டித்தார். அத்தோடு நின்றிருந்தால் அது ஒரு நாள் நீதியாக முடிந்திருக்கும். சொந்தத் தொழில் செய்யுமாறு சொல்லிக் கங்காராமுக்குப் பொருளுதவியும் செய்தார்.

கங்காராம் கோலாப்பூரின் பவுசிங்ஜி சாலையில் தேநீர்க்கடை திறந்தார். கடைக்குச் ‘சத்யசுதாரக்’ என்று பெயர். நகரின் நடுவே, நாலுபேர் பார்க்கும் இடத்தில் அக்கடை அமைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சேரியின் ஓரத்தில் அன்று. கடை திறந்தது; மேல்சாதியார் வரவில்லை. மகாராஜா தம் வண்டியைக் கடைவாசலில் நிறுத்தித் தேநீர் வாங்கி அருந்தினார். உடன் வந்த பிராமணரும் மராட்டியரும் அருந்தும்படி செய்தார். அரசர் குடித்த கோப்பையை எவர் மறுப்பர்? ‘அரசன் எவ்வழி குடிகள் அவ்வழி’ என்னும் பழமொழி அங்கே மெய்யாயிற்று. மகாராஜா மறைந்தபின் கோலாப்பூரில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்ப முன்னின்றவர் இந்தக் கங்காராமே.

ஆனால் அரசர் ஒருவர் தேவைப்பட்டார் என்பதே நம்மை உறுத்துகிறது. இது நூறாண்டுக்கு முந்தைய, தொலைதூரத்துக் கதை என்று தள்ளவும் இயலாது. காமராசர் 1956இல் பள்ளி மதிய உணவைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் நமக்கு அண்டை ஊர். அதே எட்டயபுரத்துக்கு அருகில் உசிலம்பட்டித் தொடக்கப் பள்ளியில், 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், நம் இனப் பெண்ணொருவர் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் பலர் உண்ணவில்லை என்ற செய்தி எங்கும் பரவிற்று. நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் மாவட்ட ஆட்சியரும் நேரில் வந்து, பிள்ளைகளோடு அமர்ந்து அவ்வுணவை உண்டனர். கோலாப்பூர் வண்டி மறுபடியும் வந்து நிற்க வேண்டியிருந்தது!

வண்டி வராத நாள்களுக்கும் ஒரு வழி வேண்டும். 2014ஆம் ஆண்டுத் தெருவோர வணிகர் சட்டம், நகர விற்பனைக் குழுவில் வணிகர் பேராளர் குறைந்தது 40 விழுக்காடு இருக்க வேண்டும் என்றும், அவருள் அட்டவணை வகுப்பினருக்கு உரிய இடம் வேண்டும் என்றும் கூறுகிறது. எந்த இடத்தில் எவர் கடை வைப்பது என்பதில் இக்குழுவின் சொல்லுக்கு மதிப்புண்டு. நம் நகராட்சியின் குழுவில் நம்மவர் எத்துணைப் பேர் என்பதை, படித்த நம் பிள்ளைகள் அலுவலகம் சென்று கேட்டு எழுதிவரட்டும். சந்தையின் நடுவே, நாலுபேர் பார்க்கும் இடத்தில், நம் குடும்பம் ஒன்று அடுப்பு மூட்டுவதற்கான இடம் அந்தப் பதிவேட்டிலிருந்துதான் தொடங்குகிறது.