பறக்கும் ரயிலுக்குக் கீழே ஒரு பஞ்சம்

திருப்பூர்க்காரனுக்கு சென்னைல பிடிச்ச வண்டி எதுன்னா, பறக்கும் ரயில்தானுங்க. ஆனா அது எது மேல பறக்குதுன்னு பார்த்திருக்கீங்களா மக்களே?

திருமயிலை ஸ்டேஷனுக்குக் கீழ கருப்பா நிக்குதே, அது பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற இந்தத் துண்டை வெட்டினது 1877-78ல, தாது வருஷப் பஞ்சத்தப்போ. பஞ்ச நிவாரண வேலைன்னு பேரு. பசியில வாடின சனங்க கூலிக்கு மண் சுமந்தாங்க. பேரு மட்டும் கவர்னர் பக்கிங்காமுக்கு!

அப்புறம் அதுல விறகும் உப்பும் படகுல வந்தது. படகு நின்னதும் கால்வாய் சாக்கடையாச்சு. நகரத்துக்கு நடுவுல ரயில் விட நிலம் வாங்கறது பெரும் செலவு. கால்வாயோ அரசாங்க இடம். தூணை உள்ளயே நட்டுட்டாங்க. 1995ல கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997ல திருமயிலை, 2007ல வேளச்சேரி.

ரயில் வேணாம்னு சொல்லல. ஆனா தூண் நட்ட இடத்துல மழைத்தண்ணி போற வழி குறுகிப்போச்சே. எங்க நொய்யல்லயும் இதே கதைதான். பனியன் வளர்ந்துச்சு, ஆறு சாயமாச்சு. 2011ல உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற வரைக்கும் போச்சு.

அடுத்த தடவை திருமயிலைல எறங்கினா, ஒரு நிமிஷம் கீழ எட்டிப் பாருங்க. வெட்டினவங்க பேரு எந்தப் பலகையிலயும் இல்லீங்க.