பிளாப்பியின் கதை: 80 கே.பி.யிலிருந்து 2.88 எம்.பி. வரை



கம்ப்யூட்டர் லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் பிளாப்பியோடு வரிசையில் நின்றது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த மெல்லிய தட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

1971-ல் ஐ.பி.எம். கம்பெனி 8 அங்குல பிளாப்பியைக் கொண்டுவந்தது. பெரிய கம்ப்யூட்டர்களுக்குள் மைக்ரோகோடை ஏற்றத்தான் அது பிறந்தது. கொள்ளளவு சுமார் 80 கே.பி. கம்ப்யூட்டர் அதைப் படிக்கலாம், எழுத முடியாது. 1973-ல் வந்த ஐ.பி.எம். 3740 இயந்திரத்தில் எழுதவும் வழி பிறந்தது. கொள்ளளவும் சுமார் 240 கே.பி. ஆயிற்று. ஒரு பஞ்ச் கார்டில் 80 எழுத்து. எழுத்துக் கணக்கில் பார்த்தால் 3,000 கார்டு ஒரே தட்டில் அடங்கிவிட்டது!

1976-ல் ஷுகார்ட் அசோசியேட்ஸ் 5¼ அங்குலத் தட்டைக் கொண்டுவந்தபோது, உருவத்தோடு கொள்ளளவும் சிறுத்தது. சுமார் 110 கே.பி.தான். 1981-ல் ஐ.பி.எம். பி.சி. 160 கே.பி. எழுதியது. இரண்டு பக்கமும் எழுத ஆரம்பித்ததும் 320 ஆயிற்று. 1983-ல் டாஸ் 2.0 வந்து, ஒரு டிராக்குக்கு 8 செக்டார் என்பதை 9 ஆக்க, அதுவே 360 ஆனது. தட்டு என்னவோ அதே தட்டுதான். பாத்தி கட்டிய விதம்தான் வேறு.

1984-ல் பி.சி. ஏ.டி.யோடு 1.2 எம்.பி. வந்தது. கூடவே ஒரு தலைவலியும் வந்தது. ஏற்கெனவே பழைய பி.சி.யில் எழுதிய 360 கே.பி. தட்டில் ஏ.டி. மறுபடி எழுதினால், பழைய பி.சி. பல சமயம் அதைப் படிக்காது. புது டிரைவ் எழுதும் கோடு மெல்லியது; பழைய கோட்டின் மிச்சம் ஓரத்தில் தங்கிவிடும். பழைய டிரைவின் அகலமான ஹெட் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும்.

3½ அங்குலத் தட்டு சோனியின் கண்டுபிடிப்பு. 1984-ல் மெக்கின்டாஷில் 400 கே.பி., பி.சி. பக்கம் 720 கே.பி., 1987-ல் ஐ.பி.எம். பி.எஸ்./2-ல் 1.44 எம்.பி. அந்த 1.44-ஐக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்களேன்: 2 பக்கம், 80 டிராக், 18 செக்டார், 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். பத்து லட்சத்தால் வகுத்தால் 1.47, 1,024-ஆல் இருமுறை வகுத்தால் 1.41. ஒருமுறை 1,024-ஆலும் மறுமுறை 1,000-ஆலும் வகுத்தால்தான் 1.44 வரும்! உலகமே நம்பிய எண் இப்படி ஒரு கலப்படக் கணக்கு. பிறகு 2.88 எம்.பி. தட்டும் வந்தது, விலை கூடுதல், எடுபடவில்லை.

2011 மார்ச்சில் சோனி ஜப்பானில் பிளாப்பி விற்பனையை நிறுத்தியது. இனி நம் கவலை, பழைய தட்டில் இருப்பதை எப்படி மீட்பது என்பதே. தட்டு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அதன் பார்மேட்டுக்கு ஏற்ற டிரைவும் வேண்டும். யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ்கள் 3½ அங்குலத்துக்குத்தான். அதிலும் மெக்கின்டாஷின் 400, 800 கே.பி. தட்டுகளை அவை படிக்காது. 5¼ அங்குலத்துக்குப் பழைய டிரைவையே தேட வேண்டும்.

ஆகவே நண்பர்களே, பரணில் புராஜெக்ட் ரிப்போர்ட்டோ, கல்லூரி மலரின் கைப்பிரதியோ உள்ள பிளாப்பி கிடந்தால் இப்போதே எடுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் அப்படியே டிரைவில் போடாதீர்கள், ஹெட் பாழாகிவிடும். 5¼ என்றால் ஓரத்து வெட்டில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். 3½ என்றால் மூலையிலுள்ள சின்ன ஜன்னலைத் திறந்துவையுங்கள். தவறிக்கூட அதன்மேல் எழுதிவிடாமல் இருக்க இதுதான் வழி. பிறகு முழுத் தட்டையும் அப்படியே பிரதி எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். காந்தம் மங்கிக்கொண்டே போகிறது. டிரைவுகளும் குறைந்துகொண்டே வருகின்றன.