இருவர் போக்கர் (குறைந்த சில்லு நிலை)

இருவர் போக்கர் என்பது இரண்டு ஆட்டக்காரர்கள் நேருக்கு நேர் ஆடும் சீட்டாட்டம் ஆகும். பல மேசைகளில் தொடங்கும் போட்டிகளும் இறுதியில் இந்நிலைக்கே வந்து சேரும். அப்போது ஒருவரிடம் சில்லுகள் குவிந்தும் மற்றவரிடம் மிகக் குறைந்தும் இருப்பது வழக்கம். பந்தய வரம்பில்லாத டெக்சாஸ் ஹோல்டெம் வகையில், சில்லு மிகுந்தவர் கையாளும் உத்திகள் இங்கு விளக்கப்படுகின்றன.

கட்டாயப் பந்தயம்

சீட்டைப் பார்க்கும் முன்பே இருவரும் வைக்கும் தொகை பிளைண்ட் எனப்படும். சிறிய பிளைண்ட் பொதுவாகப் பெரியதில் பாதி. பகிர்பவர் சிறியதை வைத்து முதலில் ஆடுவார்; பொதுச்சீட்டுகள் விரிந்தபின் கடைசியாக ஆடுவார்.

சில்லின் மதிப்பு

ஒருவரிடம் 100 பெரிய பிளைண்டும் மற்றவரிடம் 6 பிளைண்டும் இருந்தால், ஓர் ஆட்டத்தில் இருவரும் இழக்கக்கூடியது 6 மட்டுமே. எஞ்சிய 94 அந்த ஆட்டத்தில் இல்லாததற்குச் சமம். பெரிய குவியலைக் கொண்டு அச்சுறுத்தலாம் என்பது புதியவர்களின் தவறான கருத்து. கையிருப்பில் பெரும்பகுதியை ஏற்கெனவே வைத்துவிட்ட எதிராளி சீட்டைக் கைவிடமாட்டார். அவரிடம் ஏமாற்றுப் பந்தயம் பலிப்பதில்லை.

நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பது இதைவிடப் பெரிய பிழை. அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களைக் கைவிட்டாலே ஒன்றரை பிளைண்ட் எதிராளிக்குச் சென்றுவிடும். அவருடைய 6 பிளைண்ட் கால் பங்கு வளர்ந்து 7.5 ஆகும்.

ஏற்பதற்கான கணக்கு

எதிராளி தம்மிடமுள்ள 10 பிளைண்டையும் வைத்தால், பெரிய பிளைண்டை வைத்தவர் மேலும் 9 வைத்து மொத்தம் 20க்குப் போட்டியிடுகிறார். எனவே வெற்றி வாய்ப்பு 45 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஏற்பது இலாபம். எதிராளியிடம் 5 பிளைண்ட் எனில் 40 விழுக்காடும், 3 எனில் ஏறத்தாழ 33 விழுக்காடும் போதும். மிக மோசமானதாகப் பேசப்படும், வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த 7-2 கூட ஏதேனும் இரு சீட்டுகளுக்கு எதிராகச் சுமார் 35 விழுக்காடு வெல்லும். ஆகவே 3 பிளைண்டுடன் எந்தச் சீட்டுக்கும் முழுப் பந்தயம் வைப்பவரை அதைக் கொண்டும் எதிர்கொள்ளலாம். தேர்ந்த சீட்டுகளுக்கு மட்டும் வைப்பவரிடம் இக்கணக்கு செல்லாது.

தோல்வியின் விலை

திறமை சமமெனில் வெற்றி வாய்ப்பு சில்லு விகிதத்தைப் பின்பற்றும். 11இல் ஒரு பங்கு உடையவரின் வாய்ப்பு 11இல் ஒன்று. ஒருமுறை இரட்டித்தாலும் 11இல் இரண்டுதான்.

மீண்டெழுந்தவர்களும் உண்டு. 1982இல் லாஸ் வேகாசில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் ஜாக் ஸ்ட்ராஸ் ஒரேயொரு சில்லிலிருந்து மீண்டு, இறுதி இருவர் ஆட்டத்தில் டூயி டொம்கோவை வென்றார்.